‘இயல்பான திசு’ என்று நீங்கள் எழுதும் அந்தத் துண்டைப் பற்றி: இரைப்பைப் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கும் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கும்,

வணக்கம். இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயறியும் நோயியல் மருத்துவர்களுள் ஒருவன் நான். தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோயில் டிஎன்ஏ மெத்திலேற்றமும் மரபணு வெளிப்பாடும் எவ்வாறு மாறுகின்றன என்று ஆராயும் கட்டுரைகள் என்னிடம் மதிப்பீட்டுக்கு வருவதுண்டு. நானே தேடிப் படிப்பதும் உண்டு. அவற்றில் ஏறத்தாழ ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிதான் இம்மடலை எழுத வைத்தது. “கட்டித் திசுவும் அதை அடுத்துள்ள இயல்பான திசுவும் ஒப்பிடப்பட்டன” என்பதே அந்த வரி. இதிலுள்ள ‘இயல்பான’ என்ற சொல்லின் மீதுதான் என் வழக்கு.

திறந்த மடல் ஆதலால், துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சில வரிகள் எழுதிவிட்டு மேலே செல்கிறேன். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான சைட்டோசினின் மீது, அதற்கு அடுத்து குவானின் வரும் இடங்களில், மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி ஒட்டிக்கொள்வதே மெத்திலேற்றம். எழுத்து மாறுவதில்லை; எழுத்து படிக்கப்படுவதா, படிக்கப்படாமல் விடப்படுவதா என்பதுதான் மாறுகிறது. சைட்டோசினும் குவானினும் இணையிணையாக அடர்ந்திருக்கும் பகுதிகளைச் சிபிஜி தீவுகள் என்கிறோம். பாதிக்கும் மேற்பட்ட மனித மரபணுக்களின் தொடக்கத்திலுள்ள புரோமோட்டர் பகுதியில் இத்தகைய தீவுகள் இருக்கின்றன. நலமான செல்லில் இவை பெரும்பாலும் மெத்தில் இன்றியே இருக்கும். அங்கே மெத்தில் அடர்ந்துவிட்டால், அதை அடையாளம் கண்டு பற்றும் புரதங்கள் வந்து சேர்ந்து, டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்து சுருண்ட குரோமாட்டினை அப்பகுதியில் இறுக்கி, மரபணுவை வாயடைத்துவிடுகின்றன. செல் பிரியும்போது பழைய குறிகளைப் பார்த்துப் புதிய இழையிலும் அதே குறிகளை இடும் டிஎன்எம்டி1 என்னும் நொதி இருப்பதால், ஒருமுறை வாயடைக்கப்பட்ட மரபணு வழிவழியாக அப்படியே தொடரக்கூடும். மரபணுவில் ஓர் எழுத்துகூடப் பிழைபடாமல், கட்டியை அடக்கும் மரபணு ஒன்று பயனற்றுப் போக இது போதும்.

இரைப்பையில் இந்த மாற்றம் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வியில்தான் ‘இயல்பான திசு’ என்னும் சொல் தடுமாறத் தொடங்குகிறது. தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோய் என்பதற்கு 1962-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட வரையறை இன்றும் நிற்கிறது: நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தாலும் இல்லாவிட்டாலும், சளிப்படலத்தையும் அதற்கு அடுத்த கீழ்ப்படலத்தையும் தாண்டாத புற்று. ஆனால் அந்தத் தொடக்கநிலைக்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கதை தொடங்கிவிடுகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா பெரும்பாலும் இளம்வயதிலேயே குடியேறி, நீடித்த அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சியால் சுரப்பிகள் தேய்கின்றன. தேய்ந்த இடத்தில் குடலின் சாயல் கொண்ட சுரப்பிகள் முளைக்கின்றன. அவற்றில் சிலவற்றில் செல்கள் ஒழுங்கு தவறுகின்றன. அதன் பின்னரே புற்று. பெலாயோ கொரியா விவரித்த இந்தப் படிவரிசை, குடல்வகைப் புற்றுக்குப் பெரிதும் பொருந்துகிறது. இந்தப் பாக்டீரியாவை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக் காரணிகளில் சேர்த்தது. அதைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவும் பாடப்புத்தகச் செய்தி. ஆயினும் இதன் விளைவு நம் ஆய்வுக் கட்டுரைகளின் முறையியல் பகுதிக்குள் இன்னும் முழுமையாக நுழைந்தபாடில்லை.

2006-இல் டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த உஷிஜிமா குழுவினர் வெளியிட்ட அளவீடுகளை நினைவுபடுத்துகிறேன். புற்றுநோய் இல்லாத, நலமான தன்னார்வலர்களின் இரைப்பைச் சளிப்படலத்தை எடுத்து, 8 பகுதிகளில் மெத்திலேற்றத்தை அவர்கள் அளந்தார்கள். பாக்டீரியா உள்ளவர்களிடம் அளவு, இல்லாதவர்களைக் காட்டிலும் 5.4 மடங்கு முதல் 303 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. இவர்கள் நோயாளிகள் அல்லர். எண்டோஸ்கோபியில் கட்டி எதுவும் தென்படாதவர்கள். இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது இதன் மறுபாதியை: பாக்டீரியா இப்போது இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், புற்றுநோய் வந்தவர்களின் புற்றில்லாத சளிப்படலத்தில் மெத்திலேற்றம், நலமானவர்களைவிட 2.2 மடங்கு முதல் 32 மடங்கு வரை அதிகம். கட்டி இருந்த இடத்தைப் பற்றியது அல்ல இக்கணக்கு. கட்டிக்கு வெளியே, நாம் ‘இயல்பானது’ என்று குப்பியில் பெயர் எழுதி வைக்கும் திசுவைப் பற்றியது.

2010-இல் இதே குழுவினர் ஜெர்பில் என்னும் கொறிவிலங்கில் செய்து காட்டிய சோதனை இன்னொன்றையும் தெளிவாக்கியது. பாக்டீரியா தொற்றிய விலங்குகளுக்கு அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரினைக் கொடுத்தபோது, பாக்டீரியா இரைப்பையிலேயே இருந்தும் மெத்திலேற்றம் பெருமளவு தடுக்கப்பட்டது. குறிகளை இடுவது பாக்டீரியாவின் கை அன்று, அழற்சியின் கை என்பது இதன் பொருள். அழற்சியோ கட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டு நிற்பதில்லை; சளிப்படலம் நெடுகிலும் பரவிக் கிடக்கிறது. ஆகவே, கட்டியையும் அதன் பக்கத்துத் திசுவையும் மட்டும் ஒப்பிடும் ஆய்வு, ஒரே மழையில் நனைந்த இரண்டு துணிகளில் எது கூடுதல் ஈரம் என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. இரண்டிலும் சம அளவில் ஏறியிருக்கும் மெத்தில் கணக்கில் அடிபட்டுப் போகிறது. தொடக்கத்திலேயே நிகழ்ந்த மாற்றங்கள் எவையோ அவைதாம் இவ்வாறு அடிபட்டுப் போகின்றன என்பதை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். ‘தொடக்கநிலை மாற்றங்கள்’ என்று தலைப்பிட்ட கட்டுரையின் பட்டியலில் எஞ்சுபவை, பல வேளைகளில் கடைசியாக வந்தவை.

‘பாக்டீரியா இல்லை’ என்று ஒரு நோயாளியின் படிவத்தில் குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது என்று கருதுவோரும் உளர். சுரப்பிகள் தேய்ந்து, குடல்சாயல் மாற்றம் பரவிய இரைப்பையில் அந்தப் பாக்டீரியாவாலேயே குடியிருக்க முடிவதில்லை. வீட்டை எரித்தவன் வெளியேறிய பிறகு வந்து பார்த்துவிட்டு, இங்கே தீ வைத்தவன் எவனும் இல்லை என்று எழுதுவதைப் போன்றது அந்தக் குறிப்பு. இப்போது தொற்று உள்ளவர், முன்பு இருந்து மருந்தால் நீங்கியவர், முன்பு இருந்து தானாக மறைந்தவர், ஒருபோதும் தொற்றே இல்லாதவர் என்ற நான்கு பேரையும் ஒரே நிரலில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று அடைக்க இயலாது. மருந்தால் பாக்டீரியாவை நீக்கினால் மெத்திலேற்ற அளவு ஓரளவு இறங்குகிறது. ஆனால் தொற்றே காணாத இரைப்பையின் அளவுக்கு இறங்குவதில்லை. உதிரக்கூடிய மேற்பரப்புச் செல்களில் ஏறியது உதிர்ந்துவிட, சுரப்பிகளைப் புதுப்பிக்கும் தண்டுச் செல்களில் ஏறியது நிலைத்து நிற்கிறது என்பதே இதற்கு இன்று சொல்லப்படும் விளக்கம். அது சரியானால், எதிர்காலத்தில் வரவிருக்கும் புற்றின் கணக்கு அந்த எஞ்சிய அளவில்தான் இருக்கிறது.

இனி மரபணு வெளிப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே என் மனக்குறை இன்னும் பெரியது.

வழக்கமான கட்டுரையின் போக்கு உங்களுக்குத் தெரியும். பொதுத் தரவுத்தளத்திலிருந்து மெத்திலேற்றத் தரவு ஒன்றும், மரபணு படிக்கப்படும்போது உருவாகும் நகலான ஆர்என்ஏவின் தரவு ஒன்றும் எடுக்கப்படுகின்றன. கட்டியில் மெத்தில் கூடிய மரபணுக்கள் ஒரு வட்டம், வெளிப்பாடு குறைந்த மரபணுக்கள் இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அகப்படுபவை ‘மெத்திலேற்றத்தால் அடக்கப்பட்டவை’ என்று அறிவிக்கப்படுகின்றன. இவற்றில் இரு தரவுகளும் வெவ்வேறு நோயாளிகளிடமிருந்து வந்தவையாக இருப்பதும் உண்டு. அதைக்கூட ஒருபுறம் வைப்போம். வெளிப்பாடு குறைந்தவற்றின் பட்டியலில் ஏடிபி4ஏ என்னும் மரபணு அடிக்கடி மேலிடத்தில் வந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது இரைப்பை அமிலத்தைச் சுரக்கும் பரைட்டல் செல்களின் புரோட்டான் பம்பை ஆக்கும் மரபணு. கட்டியில் பரைட்டல் செல்கள் இல்லை. ஆகவே அந்த மரபணுவின் குரலும் இல்லை. யாரும் அதை வாயடைக்கவில்லை. பேசுபவரே அறையில் இல்லை. இதைவிட எளிய பிழையும் நேர்கிறது: இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆண்ட்ரத்தில் பரைட்டல் செல்கள் இயல்பிலேயே குறைவு, உடற்பகுதியில் ஏராளம். கட்டி ஆண்ட்ரத்திலிருந்தும் ‘இயல்பான’ துண்டு உடற்பகுதியிலிருந்தும் வந்திருந்தால், புற்றே இல்லாமலும் அந்த வேறுபாடு கிடைத்திருக்கும். எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்று குறிப்பிடாத கட்டுரையில் இதைச் சரிபார்க்கக்கூட வழியில்லை.

செல்களின் கலவை பற்றிய கேள்வி எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு ரன்எக்ஸ்3 மரபணுவின் வரலாறே சான்று. இரைப்பைப் புற்றுநோயில் மெத்திலேற்றத்தால் அணைக்கப்படும் கட்டி அடக்கி இது என்று 2002-இல் வெளியான ஆய்வு பெரும் கவனம் பெற்றது. அதைத் தொடர்ந்து எண்ணற்ற கட்டுரைகள் வந்தன. 2011-இல் மற்றொரு குழுவினர், இயல்பான இரைப்பையின் எபிதீலியத்தில், அதாவது உட்பரப்பையும் சுரப்பிகளையும் ஆக்கும் செல் அடுக்கில், அந்த மரபணு வெளிப்படுவதே இல்லை, அது வெளிப்படுவது வெள்ளையணுக்களில்தான் என்று கூறி, அடக்கி என்ற பட்டத்தையே கேள்விக்கு உள்ளாக்கினர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு மரபணு எந்தச் செல்லில் பேசிக்கொண்டிருந்தது என்ற முதற்கேள்விக்கே ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தகராறு எழ முடிந்தது என்பதை மட்டும் சுட்டுகிறேன். அழற்சி கொண்ட சளிப்படலத்தை அரைத்துக் கரைத்து எடுத்த ஆர்என்ஏவில் நிணநீர்ச் செல்களின் குரல் எவ்வளவு, சுரப்பிச் செல்களின் குரல் எவ்வளவு என்று பிரித்தறியாமல் எழுதப்படும் எந்தத் தொடர்பும் இந்தத் தகராறுக்கு ஆளாகக்கூடியதே.

கலவை மெத்திலேற்ற அளவையும் விட்டுவைப்பதில்லை. ஒரு துண்டில் 30 சதவீதம் மட்டுமே புற்றுச் செல்கள் என்றும், அவை அனைத்திலும் ஒரு புரோமோட்டர் முழுமையாக மெத்திலேறியிருக்கிறது என்றும், மற்றவற்றில் அறவே இல்லை என்றும் வைத்துக்கொண்டால், கருவி காட்டுவது 30 சதவீதம். எல்லாச் செல்களும் புற்றுச் செல்களாயிருந்து அவற்றில் 30 சதவீதத்தில் மட்டும் ஏறியிருந்தாலும் அதே 30 சதவீதம்தான். இரண்டும் ஒரே உயிரியல் நிலை அல்ல. செல்கள் ஒன்றிரண்டாகச் சிதறி ஊடுருவும் பரவல்வகைப் புற்றில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம்.

கூடவே, மெத்திலேறிய இடமெல்லாம் மரபணுவை அடக்கிய இடம் அல்ல. அழற்சியின்போது மெத்திலேற எளிதில் இடங்கொடுப்பவை, நலமான செல்லிலேயே அதிகம் வெளிப்படாத மரபணுக்கள் என்று தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் வீட்டின் மீது இன்னொரு பூட்டுத் தொங்குவதால் உள்ளிருந்தவர் யாரும் வெளியேற்றப்பட்டதாக ஆகாது. மரபணுவின் உடற்பகுதியில் ஏறும் மெத்திலோ, பல வேளைகளில் வெளிப்பாடு மிகுந்திருப்பதோடுதான் சேர்ந்து வருகிறது. எந்தப் பகுதி என்று பாராமல் எல்லாவற்றையும் ‘அடக்கம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கொட்டுவது தரவுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

உறவு உறுதியாக நிறுவப்பட்ட இடங்களும் இருக்கின்றன. அவை எப்படி நிறுவப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம்எல்எச்1 மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புரோமோட்டர் மெத்திலேறிய கட்டியில், டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு குலைகிறது. அதற்கான எதிர்ப்பொருள் இட்ட ஸ்லைடை 40 மடங்கு லென்சுக்குக் கீழே வைத்தால், இடையிடையே தெரியும் நிணநீர்ச் செல்களின் உட்கருக்கள் பழுப்பு நிறத்தில் அழுத்தமாக இருக்கும். அவற்றுக்கு நடுவே புற்றுச் சுரப்பியின் உட்கருக்கள் மட்டும் வெளிறிய நீலமாக, வரிசையாக, வெறுமையாக நிற்கும். நிறமேற்றும் முறை சரியாக வேலை செய்தது என்பதற்குப் பழுப்பு சாட்சி. புரதம் போய்விட்டது என்பதற்கு நீலம் சாட்சி. மெத்திலேற்றம், புரத இழப்பு, திருத்தப்படாத பிழைகளால் டிஎன்ஏவின் குறுந்தொடர்கள் நீளம் மாறும் மைக்ரோசாட்டலைட் நிலையின்மை ஆகிய மூன்றும் ஒரே செல்லில், ஒரே கட்டியில் பொருந்துகின்றன. 2014-இல் 295 கட்டிகளை ஆராய்ந்து இரைப்பைப் புற்றுநோயை நான்கு மூலக்கூறு வகைகளாகப் பிரித்த, டிசிஜிஏ என்னும் புற்றுநோய் மரபணுத்தொகுதித் திட்டத்தின் ஆய்வில் இந்த நிலையின்மை வகை ஏறத்தாழ 22 சதவீதம். அதே ஆய்வில் ஏறத்தாழ 9 சதவீதமாயிருந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் வகையில் மெத்திலேற்றம் எல்லா வகைகளையும் மிஞ்சியது. ஆனால் அதில் எம்எல்எச்1 தொடப்படவில்லை. மெத்திலேற்றம் கண்மூடித்தனமாகப் பெய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மரபணுவுக்கும் இத்தகைய மும்முனைப் பொருத்தத்தைக் கேட்கவில்லை. ‘காரணம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் மரபணுவுக்கு மட்டுமாவது கேட்கிறேன்.

அந்த 295 கட்டிகளைப் பற்றி இன்னொரு சொல். அவை பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட, சளிப்படலத்தையும் கீழ்ப்படலத்தையும் தாண்டிவிட்ட கட்டிகள். அந்தத் தரவைக் கொண்டு தொடக்கநிலை என்று தலைப்பு வைப்பது பொருந்தாது. தொடக்கநிலைத் தரவு ஏன் குறைவு என்பதில் எங்கள் தரப்புக்கும் பங்கு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. எண்டோஸ்கோபி வழியாகச் சீவி எடுக்கப்பட்ட சளிப்படலத் துண்டு எங்களிடம் வரும்போது, விரித்து, பலகையில் ஊசிகளால் குத்தி, ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டிருக்கும். அதை 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கீற்றுகளாக நறுக்கி, ஒவ்வொரு கீற்றையும் மெழுகில் பதித்துப் பார்க்கிறோம். புற்று கீழ்ப்படலத்துக்குள் 500 மைக்ரோமீட்டருக்குக் குறைவாக இறங்கியிருக்கிறதா, கூடுதலாகவா என்பதை வைத்தே அந்த நோயாளிக்கு மேற்கொண்டு இரைப்பையை அகற்ற வேண்டுமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. பதப்படுத்துவதற்கு முன்பே ஆய்வுக்காக ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்தால், ஆழமாக இறங்கிய அந்த ஓர் இடமே போய்விடக்கூடும். நான் அதற்கு மறுத்திருக்கிறேன், இனியும் மறுப்பேன். ஆனால் நோயறிதல் முடிந்த மெழுகுக் கட்டையிலிருந்து, ஸ்லைடைப் பார்த்துக் குறித்துக் கொடுத்த சுரப்பிகளை மட்டும் சுரண்டி எடுக்க மறுக்க மாட்டேன். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது, மெத்தில் ஏறாத சைட்டோசினை மாற்றிக் காட்டும் பைசல்ஃபைட் மேலும் சிதைக்கிறது என்பது உண்மைதான். எனினும் சிதைந்த ஆனால் இன்னதென்று தெரிந்த திசு, முழுமையான ஆனால் எங்கிருந்து வந்ததென்று தெரியாத திசுவைவிட மேலானது என்பது என் கருத்து.

இரத்தச் சோதனைகளைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவின் மெத்திலேற்றத்தைக் கொண்டு 50-க்கும் மேற்பட்ட புற்றுநோய்களைத் தேடும் ஒரு சோதனையின் 2021 மதிப்பீட்டில், எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து நான்காம் நிலையில் 90.1 சதவீதத்தைக் கண்டுபிடித்தது, முதல் நிலையில் 16.8 சதவீதத்தையே கண்டுபிடித்தது. முற்றிய கட்டிகளில் தேர்ந்தெடுத்த மரபணுக்களை வைத்துக்கொண்டு, கட்டுரையின் இறுதிப் பத்தியில் “தொடக்கநிலையிலேயே கண்டறிய உதவும்” என்று எழுதுமுன் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்க்கலாம்.

பக்கத்துத் திசு இயல்பானது அல்ல என்று இவ்வளவு வற்புறுத்துவதால், அதைத் தூக்கி எறியச் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். தொடக்கநிலைப் புற்றை எண்டோஸ்கோபி வழியே அகற்றிக்கொண்ட 800-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஜப்பானில் பல மையங்களில் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் அளக்கப்பட்டது கட்டியின் மெத்திலேற்றம் அன்று; கட்டி போன பிறகு மிஞ்சியிருந்த சளிப்படலத்தின் மெத்திலேற்றம். 2015-இல் வெளியான முடிவின்படி, எம்ஐஆர்-124ஏ-3 என்னும் நுண் ஆர்என்ஏ மரபணுவின் பகுதியில் அளவு மிகுந்திருந்த காற்பங்கினருக்கு, குறைந்திருந்த காற்பங்கினரைவிட இரைப்பையின் வேறிடத்தில் புதிய புற்று தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நீங்கள் ஒப்பீட்டுக்கென்று ஓரத்தில் வைக்கும் துண்டுதான் அங்கே நோயாளியின் வருங்காலத்தைச் சொன்னது. தொடக்கநிலைப் புற்றின் வரலாறு எழுதப்பட்டிருப்பது அந்தத் துண்டில். அதை வெற்றுத்தாள் என்று எண்ணிக் கழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வாளர்களாகிய உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பக்கத்துத் திசுவைத் தனியொரு குழுவாக நிறுத்தி, ஒருபோதும் தொற்றே இல்லாதவர்களின் இரைப்பையையும், தொற்று இருந்தும் புற்று வராதவர்களின் இரைப்பையையும் அதோடு சேர்த்து ஒப்பிடுங்கள். பின்னது கிடைப்பது எளிது. முன்னது அரிது, வயதால் ஏறும் மெத்திலையும் கழிக்க வேண்டியிருப்பதால் வயதும் பொருந்த வேண்டும். அரிது என்பதாலேயே விட்டுவிட்டால் கணக்கின் தொடக்கப்புள்ளியே இல்லாமல் போகும். மெத்திலேற்றத்தையும் ஆர்என்ஏவையும் ஒரே துண்டிலிருந்து எடுங்கள். இயலாதபோது அதை முறையியலில் மட்டுமன்றி, சுருக்கத்திலும் சொல்லுங்கள்.

ஆசிரியர் குழுவினரிடம் வேண்டுவது இன்னும் சிறியது. கட்டுரையின் முதல் அட்டவணையில் வயது, பாலினம், கட்டியின் நிலை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் மேலும் நான்கு நிரல்களைக் கட்டாயமாக்குங்கள்: இரைப்பையின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது, கட்டியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி எடுத்தது, அத்துண்டில் குடல்சாயல் மாற்றம் இருந்ததா, எபிதீலியச் செல்கள் எத்தனை சதவீதம். பாக்டீரியா பற்றிய நிரலில் ‘இல்லை’ என்ற விடையை ஏற்காமல், ‘எப்போதுமே இல்லையா, இப்போது இல்லையா’ என்று திருப்பிக் கேளுங்கள். இவற்றுள் எதற்கும் புதிய கருவி தேவையில்லை. அந்தத் துண்டின் மறுபாதியை ஹெமடாக்சிலின் சாயமிட்டு ஒரு நோயியல் மருத்துவரிடம் கொடுத்தால், தொற்றின் பழைய வரலாறு ஒன்று நீங்கலாக மற்ற விடைகள் அன்று மாலைக்குள் கிடைத்துவிடும். தூரத்தை மட்டும் திசுவை நறுக்கும் மேசையிலேயே அளந்து எழுதிவைக்க வேண்டும்; அதை நாங்கள் செய்கிறோம்.

இங்ஙனம்,
இரைப்பைத் திசுக்களைப் பார்த்துவரும் ஒரு நோயியல் மருத்துவர்